முப்பத்தொரு மில்லிமீட்டர்

துறைமுகத்தில் எல்லோரும் அவரை 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இருபத்தேழு வருடம் கடல் மட்டத்தை அளந்து எழுதிய மனிதர். அளந்து அளந்து அந்தப் புத்தி கை, கண், வாய் என்று எல்லா இடத்திலும் ஏறிவிட்டது. டீக்கடையில் டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "நேத்தைக்கு விட ரெண்டு மில்லிமீட்டர் கம்மி" என்பார். கடைக்காரர் பதில் பேசாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். பேசினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் வேலை பார்த்த இடம் கப்பல் மேடையின் கோடியில் இருந்த ஒரு குட்டி அறை. தரையில் ஒரு துளை, துளைக்குள் நேராகக் கடலுக்கு இறங்கும் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு மிதவை. மிதவையில் கட்டிய கம்பி மேலே வந்து ஒரு சக்கரத்தைச் சுற்றி இறங்கும். அதன் மறுமுனையில், கம்பி தொய்யாமல் இருக்க, ஓர் எடைக்கல் தொங்கும். கடல் ஏறினால் மிதவை ஏறும், சக்கரம் சுழலும், பேனா காகிதத்தில் கோடு போடும். தினமும் காலையில் அந்தக் காகிதத்தை எடுத்து, மணிக்கு ஒன்றாக இருபத்துநான்கு அளவுகளை நோட்டில் எழுதுவார். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'குறிப்பு'. விசேஷமாக எதுவும் நடக்காவிட்டால் மற்ற துறைமுகங்களில் அதைக் காலியாக விடுவார்கள். மில்லிமீட்டர் விடமாட்டார். "காலியா விட்டா, ஒண்ணும் நடக்கலையா, இல்ல நான் பாக்கவே இல்லையான்னு பின்னால வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார். அதனால் தினமும் அங்கே 'ஒன்றுமில்லை' என்று எழுதுவார். இதை ஒரு விதியாகவே அட்டையில் எழுதி அறைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். 'குறிப்பைக் காலியாக விடாதே.' அந்த அறைக்கு அவரைத் தவிர வேறு யாரும் வந்ததில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். மிதவையும் அவரோடு ஓய்வு பெற்றது. இப்போது மேலேயிருந்து அலையைப் பார்த்து அளக்கும் ஒரு பெட்டியைக் கம்பத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு டீயும் வேண்டாம், ஓய்வூதியமும் வேண்டாம்.

ஆனால் நோட்டுகள் வீணாகவில்லை. அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் புதிதாக வந்திருந்த தரவுப் பெண், பதினான்கு மாதம் உட்கார்ந்து அத்தனை நோட்டுகளையும் கணினியில் ஏற்றியிருந்தாள். மில்லிமீட்டரின் கையெழுத்து அவர் மனைவியைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். எல்லாம் திறந்த தரவாக வெளியாகப்போகிறது. அதாவது உலகத்தில் யார் வேண்டுமானாலும், காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல் எடுத்துப் பார்க்கலாம். கடல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கணக்குப் போடுகிற உலகப் பெருந்தொகுப்பில் மில்லிமீட்டரின் துறைமுகமும் ஒரு வரியாகச் சேரும்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் அவர் மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். "வரட்டும். முதல் ஆளா நான்தான் ஒவ்வொரு வரியா படிப்பேன். தப்பு இருந்தா சிவப்பு மையில சுழிச்சுருவேன்" என்றார். மில்லிமீட்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு சின்னக் கோணல் இருந்ததை டீச்சர் கவனிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை தரவுப் பெண் போன் செய்தாள்.

"சார், கொஞ்சம் ஆபீசுக்கு வர முடியுமா? ஒரு சந்தேகம் கேட்டிருக்காங்க."

அவர் போனபோது மேசையில் ஒரு கடிதம் இருந்தது. பெருந்தொகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு துறைமுகத்தின் அளவுகளையும் சல்லடை போட்டுப் பார்க்கிற ஆய்வாளர் ஒருவர் கடல் தாண்டி எங்கோ இருந்தார். எழுதியவர் அவர்தான். இருபது வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில், உங்கள் கடல் திடீரென்று முப்பத்தொரு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதன்பின் இறங்கவே இல்லை. காரணம் என்ன? மூன்று வாரத்துக்குள் தெரிவிக்கவும்.

"தெரிவிக்கலைன்னா?" என்றார் மில்லிமீட்டர்.

"ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எண் போடுவாங்க சார். ஒண்ணுன்னா நல்லது. நாலுன்னா கெட்டது. அந்த நாளுக்கு அப்புறம் வர்ற பத்தொன்பது வருஷத்துக்கும் நாலு போட்டுருவாங்க. நாலு விழுந்ததை யாரும் தொட மாட்டாங்க."

பத்தொன்பது வருடம். காய்ச்சலிலும் போனார், புயலிலும் போனார். மகள் பிறந்த அன்றுகூட முதலில் மிதவையைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கு டீச்சரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அத்தனைக்கும் 'கெட்டது' என்று ஒரு முத்திரை.

காரணம் அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் முதல் பொய்யைச் சொன்னார்.

"நிலநடுக்கம்மா. அன்னைக்கு லேசா ஆடிச்சு. தரை இறங்கியிருக்கும். தரை இறங்கினா கடல் ஏறின மாதிரிதானே தெரியும்?"

தரவுப் பெண் தலையாட்டிவிட்டுக் கணினியில் எதையோ தட்டினாள். "உலகத்துல நடந்த எல்லா நிலநடுக்கமும் ஒரே பட்டியல்ல இருக்கு சார். எல்லாருக்கும் திறந்தது. அந்த வாரம் நம்மைச் சுத்தி ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சின்ன ஆட்டம்கூட இல்ல. தரை ஏறுதா இறங்குதான்னு பாக்க அந்தக் குன்று மேல ஒரு கருவி இருக்கு. அதோட கணக்கும் இங்க இருக்கு. தரை அசையவே இல்ல."

"அப்படியா? எனக்கு ஆடின மாதிரி இருந்துச்சே" என்றார் மில்லிமீட்டர். அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை. அன்றைக்கு அவர் கால் நிஜமாகவே ஆடியது.

புதன்கிழமை இரண்டாவது காரணத்தோடு வந்தார். இரவெல்லாம் யோசித்து, பாடப் புத்தகத்தில் இருப்பதாகவே பார்த்து எடுத்திருந்தார். "காத்தழுத்தம். மூணு மில்லிபார் குறைஞ்சா கடல் மூணு சென்டிமீட்டர் ஏறும். எழுதிக்கோ."

"ஏறும் சார். ரொம்பச் சரி." அவள் மறுபடி தட்டினாள். "ஆனா உலகம் பூரா மணிக்கு மணி காத்தழுத்தம் இங்க இருக்கு. பல வருஷத்துக்கு. அந்த ஒரு மணி நேரத்துல நம்ம ஊர்ல ஒரு மில்லிபார்கூட அசையல. அப்படியே குறைஞ்சிருந்தாலும், பத்தொன்பது வருஷமா குறைஞ்சேவா சார் இருக்கும்?"

வெள்ளிக்கிழமை துருவத்துப் பனியை உருக்கிக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்தில், அதுவும் நம் துறைமுகத்துக்கு மட்டுமா என்று அவள் பணிவாகக் கேட்டாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த துறைமுகத்தின் அளவுகளைக் காட்டினாள். அங்கே கடல் சமர்த்தாக இருந்தது. செயற்கைக்கோள் மேலேயிருந்து கடலை அளந்த படத்தையும் காட்டினாள். அதுவும் சமர்த்து.

"சாட்டிலைட்டே தப்பா இருந்தா?" என்று கேட்டார் மில்லிமீட்டர்.

"சாட்டிலைட், காத்தழுத்தம், நிலநடுக்கப் பட்டியல், குன்று மேல இருக்கற கருவி, பக்கத்துத் துறைமுகம், அஞ்சும் சேர்ந்து நமக்கு எதிரா சதி பண்ணுதுன்னு எழுதட்டுமா சார்?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். திறந்த தரவு வந்த பிறகு அது எட்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. பூமியில் காற்றும் மண்ணும் தண்ணீரும் எந்த நாளில் என்ன செய்தன என்று எழுதி எல்லோர் முன்னாலும் விரித்து வைத்துவிட்டார்கள். ஒரு மனிதன் நிம்மதியாகப் பொய் சொல்ல இடமே இல்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே உலக்கை இருந்தது.

சமையலறை அலமாரியின் மேல் தட்டில், ஒரு சாண் நீளத்தில், பளபளவென்று. டீச்சரின் அம்மா டீச்சருக்குக் கொடுத்த சின்ன உரலின் உலக்கை அது. உரல் இல்லை. உரல் காணாமல் போய் இருபது வருடம் ஆகிறது. டீச்சர் உலக்கையை மட்டும் மாதாமாதம் தேய்த்துத் துடைத்து, கோர்ட்டில் சாட்சிப் பொருளை வைப்பதுபோல் கண்ணில் படும்படி வைத்திருந்தார். யார் எடுத்தார்கள் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. நாத்தனார்தான்.

மில்லிமீட்டரின் தங்கை இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தையல்காரி. உரல் காணாமல் போன அன்று மதியம் டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, மாற்றுச் சாவியில் வீட்டைத் திறந்து, அண்ணிக்குத் தைத்த ரவிக்கைகளை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது கையில் கனமான ஒரு பை இருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அதில் அடுத்துத் தைக்க வேண்டிய துணிதான் இருந்தது. ஆனால் சாயங்காலம் டீச்சர் உரலைத் தேடி, காணாமல், நேரே நாத்தனார் வீட்டுக்குப் போய், "நீதானே எடுத்த?" என்று கேட்டுவிட்டார். கேட்டது வாசலில் நின்று. அந்த வாசல் வழியாக அதற்குப்பின் இருவரும் போனதுமில்லை, வந்ததுமில்லை.

மில்லிமீட்டர் மட்டும் வாரம் ஒரு முறை தங்கையைப் போய்ப் பார்ப்பார். முதல் சில வருடங்கள் அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்: "சத்தியமா நான் எடுக்கலண்ணே." அவரும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "தெரியும்மா." அண்ணன் தன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையை நினைத்து அவள் கண் கலங்குவாள். அவர் தரையைப் பார்ப்பார்.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "இங்க பாரு..." என்றார்.

"என்ன?" என்று டீச்சர் திரும்பினார். கையில் உலக்கை. பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தார், வெறும் பலகையின் மேல் வைத்து. "உரல் இருந்திருந்தா இந்தப் பாடு உண்டா? உங்க தங்கச்சி நல்லா இருக்கட்டும்."

"ஒன்றுமில்லை" என்றார் மில்லிமீட்டர். பேச்சிலும் நோட்டுத் தமிழ் வந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை தரவுப் பெண் அவரைக் கூப்பிடவில்லை. அவரே வந்தார், கடல் அடியில் எரிமலை என்று சொல்லலாமா என்ற யோசனையோடு. அவள் பழைய நோட்டு ஒன்றைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"சார், உங்க இருபத்தேழு வருஷத்துல ஒன்பதாயிரத்து எண்ணூத்துச் சொச்சம் நாள் இருக்கு. எல்லாத்துலயும் குறிப்பு இருக்கு. 'ஒன்றுமில்லை', 'பலத்த காற்று', 'பேனாவில் மை மாற்றினேன்', 'சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன்.' ஒரே ஒரு நாள்தான் காலி."

அவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

"அந்தச் செவ்வாய்க்கிழமை சார்" என்றாள். "நீங்க தப்பா எழுதறவர் இல்ல. ஒன்றுமில்லைன்னு எழுதினா அது பொய்யாயிடும். அதான் எழுதாம விட்டுட்டீங்க. என்ன சார் நடந்துச்சு?"

எரிமலை தொண்டையிலேயே அணைந்துபோனது. தன் விதியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. எப்பேர்ப்பட்ட விதி! பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபது வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னார்.

பன்னிரண்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில் எடைக்கல்லின் கொக்கி துருப்பிடித்து அறுந்து, கல் துளை வழியாகக் கடலுக்குள் போய்விட்டது. கம்பி தொய்ந்து சக்கரம் நின்றது. அலுவலகத்தில் கேட்டால் புதுக் கல் வர மூன்று மாதம் என்றார்கள். எட்டு வருடமாக ஒரு மணி நேரம்கூட விடாத கணக்கு. அடுத்த அளவு ஒரு மணிக்கு. அவர் வீட்டுக்கு ஓடினார். கனமாக, கம்பி கட்டத் தோதாக எது இருக்கிறது என்று சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் காது வைத்த உரல் அவரைப் பார்த்தது.

"மூணு மாசத்துல புதுக் கல் வந்ததும் திருப்பி வெச்சிரலாம்னுதான் எடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சண்டையே முடிஞ்சுபோச்சு. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அந்த நாளைக்கு நகர்ந்துக்கிட்டே போச்சு." மூச்சு வாங்கினார். "புதுக் கல் பதினொரு மாசம் கழிச்சு வந்துச்சு. அதைப் போட்டா மறுபடி அளவு மாறும், குறிப்பு எழுதணும். அதனால மேசைக்கு அடியில தள்ளிட்டேன்."

தரவுப் பெண் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போட்டாள். "உரல் பழைய கல்லைவிட கனம். அது மிதவையைக் கொஞ்சம் மேல இழுத்திருக்கு. அதான் கடல் ஏறின மாதிரி தெரிஞ்சிருக்கு. மிதவையோட குறுக்களவு முப்பது சென்டிமீட்டர். பழைய கல் ரெண்டு கிலோ. முப்பத்தொரு மில்லிமீட்டர்னா..." பேனா நின்றது. "உங்க உரல் நாலு கிலோ இருநூத்து நாப்பத்தாறு கிராம் இருக்கணும் சார்."

பூட்டிக் கிடந்த குட்டி அறையைத் திறந்தார்கள். சுவரில் அவருடைய விதி. சக்கரத்துக்குக் கீழே, ஒட்டடை படிந்து, இன்னும் விசுவாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது உரல். சரக்கு எடைபோடும் இடத்துக்கு எடுத்துப்போய் வைத்தார்கள். நாலு கிலோ இருநூற்று நாற்பது கிராம்.

"ஆறு கிராம்தான் வித்தியாசம்!" அவள் குதிக்காத குறை. "கடல் உங்க உரலை எடை போட்டு வெச்சிருக்கு சார். பத்தொன்பது வருஷமா, மணிக்கு ஒரு தடவை."

கணக்கு தீர்ந்தது. இனி அந்த நாளுக்குப் பின்வரும் அளவுகளில் முப்பத்தொன்றைக் கழித்துத் திருத்தம் வெளியிட்டால், நாலு ஒன்றாகிவிடும். ஆனால் திருத்தத்துக்குக் காரணம் எழுத வேண்டும்.

"'வேறொரு எடை பயன்படுத்தப்பட்டது'ன்னு மட்டும் போடேன்" என்று கெஞ்சினார் மில்லிமீட்டர்.

"என்ன எடை, எங்கிருந்து வந்தது, எப்படி நம்பறதுன்னு திரும்பக் கேப்பாங்க சார். முழுசா எழுதணும்."

"இதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?"

"யார் வேணும்னாலும் படிக்கலாம். திறந்த தரவுன்னா அதானே சார்?"

யார் முதலில் படிக்கப்போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். ஒரு பக்கம் பத்தொன்பது வருட உழைப்பு, மறுபக்கம் டீச்சர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? இருவரும் சேர்ந்து எழுதிய திருத்தக் காகிதத்தில் ஒரு பிரதியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உரலைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். டீச்சர் கம்ப்யூட்டரில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, தான் சொல்லியே கேட்கட்டும் என்று தோன்றியது. இருபது வருடத்தில் அவர் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

டீச்சர் சாப்பாட்டு மேசையில் டியூஷன் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் பேசாமல் உரலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

டீச்சர் உரலைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து உலக்கையை எடுத்து வந்தார். மில்லிமீட்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அதைத் துல்லியமாக இரண்டடி என்று அவரே பிறகு தரவுப் பெண்ணிடம் சொன்னார். டீச்சர் உலக்கையை உரலுக்குள் இறக்கினார். டங்கென்று ஒரு சத்தம்.

"எங்க இருந்துச்சு?"

சொன்னார். கொக்கியிலிருந்து ஆரம்பித்து, ஓடியதைச் சொல்லி, 'நாளைக்கு' வரை எல்லாவற்றையும். பிறகு காகிதத்தை நீட்டினார். டீச்சர் சிவப்புப் பேனாவோடு அதைப் படித்தார். பழக்கதோஷம்.

"'பித்தளை உரல்'னு எழுதியிருக்கீங்க. இது வெண்கலம்." சுழித்தார். "ஆறு கிராம் வித்தியாசத்துக்குக் காரணம் தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. அது மிளகு. அன்னைக்குக் காலையில இடிச்சது. கழுவறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டீங்க. இருபது வருஷத்துல உதிர்ந்தது போக மிச்சம் இதோ." உரலுக்குள் விரலை விட்டு அடியில் காய்ந்து கறுத்திருந்ததைச் சுரண்டிக் காட்டினார்.

அதற்குமேல் பேனா ஓடவில்லை. அவர் முகம் மாறியது.

"நீங்க மறைச்சதுக்கு உங்களை அப்புறம் பாத்துக்கறேன். அதுக்கு நிறைய நேரம் இருக்கு" என்றார் டீச்சர். குரல் உடைந்தது. "நான் அவ வீட்டு வாசல்ல நின்னு கத்தினேனே. நாலு பேர் கேக்கக் கத்தினேன். அதை எப்படிங்க திருத்தறது?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தின் அடியில், சிவப்பு மையிலேயே எழுதினார்: 'இந்த உரல் காணாமல் போனதற்கு, அளவு எடுத்தவரின் தங்கை எந்த விதத்திலும் காரணம் அல்ல. அவர்மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு முழுக்கத் தவறு. சொன்னவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்.'

"இது கடல் மட்டத்தோட தரவும்மா" என்றார் மில்லிமீட்டர் மெதுவாக.

"நாலு பேர் முன்னால சொன்னதை நாலு பேர் முன்னாலதான் திருத்தணும். உங்க ஆளுங்களைக் கேளுங்க, இடம் இருக்கான்னு."

இடம் இருந்தது. குறிப்புக் கட்டத்துக்கு இத்தனை எழுத்துதான் என்ற வரம்பு இல்லை என்று தரவுப் பெண் சொன்னாள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அப்படியே சேர்த்து அனுப்பினாள்.

டீச்சர் அத்தோடு கடமை முடிந்ததாக நடந்துகொண்டார். உலகத்துக்கே சொல்லியாயிற்று. இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சொல்லத்தான் கால் வரவில்லை. "இன்டர்நெட்ல இருக்கு, பாத்துக்குவா" என்றார். தையல் மெஷினும் கையுமாக இருக்கிறவள் கடல் மட்டப் பட்டியலை எதற்காகத் திறந்து பார்ப்பாள் என்று மில்லிமீட்டர் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை. வீட்டில் அவருக்கு அப்போது நாலாம் எண் போட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் தரவுப் பெண் மூச்சிரைக்க வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆய்வாளரின் பதில் வந்திருந்தது. படித்துக் காட்டினாள்: "'திருத்தம் ஏற்கப்பட்டது. பத்தொன்பது வருடத்துக்கும் எண் ஒன்று. இவ்வளவு தெளிவான விளக்கத்தை இதுவரை நான் பார்த்ததில்லை.'"

மில்லிமீட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்" என்று டீச்சரைத் தயக்கத்தோடு பார்த்தாள் அவள். "'ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்தத் தங்கைக்குச் சொல்லிவிட்டீர்களா?'"

டீச்சர் எழுந்தார். பிறகு செருப்பை மாட்டினார். "வாங்க" என்றார் புருஷனிடம். "அந்தக் காகிதத்தை எடுத்துக்கோங்க."

தங்கை முன்னறையில் மெஷினில் இருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள், அண்ணியைப் பார்த்தாள், மிதித்த கால் அப்படியே நின்றது. டீச்சர் உள்ளே போகவில்லை. இருபது வருடத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் நின்று, தெருவுக்குக் கேட்கும் குரலில் காகிதத்தை வாசித்தார். கொக்கி, மிதவை, முப்பத்தொரு மில்லிமீட்டர், வெண்கலம், மிளகு, கடைசியில் மன்னிப்பு. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அவர் நிறுத்தவில்லை.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "தெரியும்மா, தெரியும்மான்னு சொன்னியே. நிஜமாவே தெரிஞ்சுதான் சொன்னியாண்ணே?"

மில்லிமீட்டர் தரையைப் பார்த்தார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பழைய செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். மஞ்சள் பூத்த காகிதம் தொட்டதும் பொடிந்தது. உள்ளே ஒரு உரல், உலக்கையோடு, ஒரு தடவைகூட இடிபடாத பளபளப்போடு.

"அடுத்த வருஷமே வாங்கிட்டேன் அண்ணி. அம்மா கொடுத்ததைத் தொலைச்சுட்டு நீங்க அழுததா அண்ணன் சொல்லிச்சு. மனசு கேக்கல, வாங்கிட்டேன். வாங்கின அப்புறம்தான் யோசிச்சேன், இதைக் கொடுத்தா எடுத்தவ திருப்பிக் கொடுத்துட்டான்னு ஆயிடும். அதான் அலமாரி மேலேயே வெச்சுட்டேன்." பொட்டலத்தை நீட்டினாள். "இப்போ கொடுக்கலாம் இல்ல?"

டீச்சர் அதை வாங்கவில்லை. வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து, உரலோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டார். வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள். இடையில் மாட்டியிருந்த உரல் இருவரின் விலாவிலும் குத்தியிருக்கும், இருவரும் விடவில்லை.

மில்லிமீட்டருக்கும் அழுகை வந்தது. ஆனால் அவர் கண் அந்த உரல்மேலேயே இருந்தது. காது கொஞ்சம் பெரிது, வாய் கொஞ்சம் அகலம்.

"இது எவ்வளவு எடை இருக்கும்?" என்றார்.

"வாயை மூடுங்க" என்றார் டீச்சர். அதே மூச்சில், "நீ வாயை மூடுண்ணே" என்றாள் தங்கை. இருபது வருடத்தில் இருவரும் சேர்ந்து பேசிய முதல் வார்த்தை அது. மில்லிமீட்டர் வாயை மூடிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து, அவர்கள் மாறி மாறித் தன்னைத் திட்டுவதைச் சாயங்காலம் வரை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.